தப்பாகத் தள்ளினால் டெபிட் இல்லை

எங்கள் ஊரில் ஒரு பனியனை ஒருவரே முழுதாகச் செய்து நான் பார்த்ததில்லை. நூல் வாங்குவது ஒருவர், துணி ஓட்டுவது ஒருவர், சாயம் போடுவது வேறொருவர். தையல் ஒரு சந்தில் நடக்கும், செக்கிங் இன்னொரு சந்தில் நடக்கும். அட்டைப் பெட்டிமேல் ஒட்டுகிற பெயர் மட்டும் முதலாளியுடையது. இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். முடிந்தால் தும்முவதற்குக்கூட ஆள் பிடித்துப் பீஸ் ரேட் பேசிவிடுவார்கள். ஆகவே எங்கள் அலுவலக வேலையையும் வெளியே கொடுக்கப் போகிறோம் என்று வாரியக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் மட்டும் சுளித்தேன். டீ ஊற்றிக்கொண்டிருந்தவளின் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் பழனாத்தாள். நல்லூரில் தையல் மெஷின் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற மருத்துவத் திட்ட அலுவலகத்தில் கவுண்டர், போன், தபால் எல்லாம் நான்தான். பனியன் தொழிலாளிகளுக்கான திட்டம் அது. பாதியைச் சர்க்கார் போடும், பாதியை முதலாளிமார்கள் போடுவார்கள். தொழிலாளிக்கு ஆபரேஷன் தேவை என்றால் ஆஸ்பத்திரி எங்களிடம் முதலில் அனுமதி கேட்கும். நாங்கள் ஃபைலைப் பார்த்துச் சரி என்றால்தான் ஆபரேஷன் நடக்கும்.

நாங்கள் என்றால் மூன்றே பேர். வருகிற ஃபைல்களோ அலமாரிக்குள் அடங்காது. ஒவ்வொன்றையும் படித்து, சந்தேகம் வந்தால் கம்பெனிக்குப் போன் போட்டு, டாக்டருக்குப் போன் போட்டு, அவர் எடுக்காவிட்டால் மறுநாள் மறுபடி போட்டு, ஆமை வேகத்தில்தான் வேலை நகர்ந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் தொழிலாளி கையில் எங்கள் திட்ட அட்டையைக் கண்டாலே, "திட்டத்து ஆளா, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். வெளியே கொடுத்தால் செலவு பாதியாகும், பதில் அன்றைக்கே வரும் என்று ஒரு வெளியூர் கம்பெனி எழுதிக் கொடுத்தது. முதலில் சில மாதம் கொடுத்துப் பார்ப்பது, பிறகு மேனேஜர் நல்லது கெட்டதை எழுதித் தர, அதை வைத்து நிரந்தரமாக்குவது என்று வாரியத்தில் முடிவானது.

அந்த மேனேஜர் சித்ரகலா. என்னைவிட வயதில் சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அக்கா என்பார். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டிப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எதிரில் யார் சட்டை தெரிந்தாலும் கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் தூங்கியவரின் காலரை இழுத்துப் பார்த்து ஒருமுறை பெரிய வம்பாகி, நான்தான் சமாதானம் செய்து இறக்கினேன்.

ஒப்பந்தத்தை எழுதியதும் சித்ரகலாதான். எழுதும்போது அவருக்கு இருந்த உற்சாகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு ஃபைலுக்கு இவ்வளவு கூலி. தகுதியில்லாத ஆளுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் அந்தத் தொகையைக் கம்பெனியின் கூலியில் பிடித்துக்கொள்வோம். பிடித்துக்கொள்வதற்கு இந்த ஊரில் டெபிட் என்று பெயர். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் இங்கே அந்த வார்த்தை தெரியும். தையலில் ஓட்டை விழுந்தால் டெபிட், சாயம் கறையானால் டெபிட், கப்பல் போன பிறகு டெபிட் என்று கேட்டே வளர்ந்த ஜனம்.

வாரிய உறுப்பினரான நல்லான் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். காதர்பேட்டையில் கடையும் காங்கயம் ரோட்டில் கம்பெனியும் வைத்திருப்பவர்.

"அம்மிணி கெட்டிக்காரிங்க. ஓட்டையே இல்லாம எழுதியிருக்குது. நம்ம ஊட்டுப் பணம் ஒரு பைசா வெளிய போகாதுங்க" என்றார்.

சித்ரகலாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. எனக்கும் ஒப்பந்தத்தில் குறை தெரியவில்லை. என் கவலையெல்லாம் என் நாற்காலியைப் பற்றித்தான் இருந்தது.

வெளியூர் கம்பெனியிலிருந்து சுரேந்தர் என்று ஒருவர் வந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தார். வெறுப்பதற்குத் தயாராக இருந்தேன். மனுஷன் இடம் கொடுக்கவில்லை. வருகிற தொழிலாளிக்கு எழுந்து நாற்காலி போடுவார், சாப்பாட்டு டப்பாவைத் தானே கழுவுவார், என் வீட்டு மோர்மிளகாய்க்கு ஆசைப்படுவார். நான் ஃபைலை ஸ்கேன் செய்து அனுப்புவேன். அங்கே ஏதோ ஒரு கட்டடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்கள் பார்த்து மாலைக்குள் பதில் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிகள் மறுபடி எங்கள் அட்டையைச் சிரித்த முகத்தோடு வாங்கின. பழைய அலமாரி காலியாகி, அதில் என் செருப்பை வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும், எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை என்றாலும்.

ராமாயி வந்தது அந்தச் சமயத்தில்தான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். புருஷன் காசிமாயன் சாயப்பட்டறையில் வேலை. அவருக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, ரத்தம் வந்த வழியே திரும்புகிறதாம். மாடி ஏறினால் மூச்சு நின்று நின்று வருகிறது. வால்வை மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் எந்த நேரமும் ஆபத்து என்று டாக்டர் சொல்லி நாளும் குறித்துவிட்டார். அனுமதி மட்டும்தான் பாக்கி. திட்டம் இல்லாமல் அந்த ஆபரேஷன் செலவை அவர்கள் வகையறாவே சேர்ந்தாலும் தாங்க முடியாது.

"பயப்படாத கண்ணு, இப்பெல்லாம் சாயங்காலமே பதில் வந்துரும்" என்று நான்தான் சொன்னேன்.

சாயங்காலமே வந்தது. முடியாது என்று வந்தது.

காரணம் இதுதான். அட்டையில் ஒரு சாயப்பட்டறையின் பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறொரு சாயப்பட்டறையின் பெயர். இது எங்கள் ஊரில் தினமும் நடப்பது. தெற்குச் சீமைக்காரர்கள் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போவார்கள். திரும்பி வரும்போது பழைய இடத்தில் வேறு ஆள் நிற்பான், அடுத்த பட்டறையில் சேர்ந்துகொள்வார்கள். அட்டையில் பழைய பெயரே இருக்கும். முன்பென்றால் நான் புதுப் பட்டறைக்கு ஒரு போன் போட்டு, "ஏனுங்க, காசிமாயன் உங்ககிட்டத்தான் இருக்காருங்களா?" என்று கேட்பேன். ஆமாங்க என்பார்கள், முடிந்தது.

புதுப் பட்டறையிலிருந்து சான்று வாங்கி மறுபடி அனுப்பினோம். அன்று மாலையே மறுபடி பதில் வந்தது. ‘அறுவைச் சிகிச்சையின் தேவை உறுதிப்படவில்லை.’ இருதய ஸ்கேன் படம் தெளிவாக இல்லையாம். ஸ்கேன் செய்து அனுப்பும் எங்கள் பழைய மெஷினில் எந்தப் படம்தான் தெளிவாக வந்தது? முன்பு பதிலே வராது. இப்போது பதில் உடனே வருகிறது, இல்லை என்று வருகிறது. இதில் எது மேல் என்று ராமாயியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதே பதில் அவள் போனுக்கும் தானாகப் போயிருக்கும். அதற்குப் பிறகு அவள் அலுவலகப் பக்கமே வரவில்லை. மனம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்ரகலா வாரியத்துக்குத் தர வேண்டிய குறிப்பை எழுத உட்கார்ந்தார். இதுதான் சமயம் என்று நான் அவர் மேஜைக்கு எதிரில் போய் நின்றேன்.

"மேடம், ராமாயி கதையை அப்படியே எழுதிப் போடுங்க. வெளிய குடுத்தது போதும், பழையபடி நாமளே பாத்துக்கலாம்னு எழுதுங்க."

சித்ரகலா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஜோதிகாவ மறந்துட்டீங்களாக்கா?"

 ஜோதிகா ஓவர்லாக் தைத்த பெண். அவள் ஃபைல் எங்கள் அலமாரியில்தான் கிடந்தது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை. நாங்கள் சரி என்று எழுதி அனுப்பியபோது, அவள் அம்மா வந்து, இனி வேண்டாமுங்க என்று அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள்.

"நாம பாத்தப்போ காத்திருந்து போனாங்க. அவங்க பாக்கறப்போ தள்ளிவிட்டுப் போறாங்க. எதைன்னு எழுதறதுங்கக்கா? செலவு பாதின்னு ஒரு பக்கம் இருக்குது. அதையும் மறைக்க முடியாது. மிச்சமாகிற பணத்துல இன்னும் நாலு பேருக்கு வைத்தியம் பாக்கலாமில்ல?"

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல் வருகிற கோபத்துக்குப் போக்கிடம் கிடையாது. போய் என் நாற்காலியில் உட்கார்ந்து போன் வயரைத் துடைத்தேன்.

ஆனாலும் ராமாயி கொண்டுவந்த ஃபைலை அவரும் விடவில்லை. ஒப்பந்தப்படி கம்பெனி இரண்டாம் முறையும் தள்ளிய ஃபைலை எங்கள் அலுவலகம் திறக்க முடியாது. வாரியம் மட்டும்தான் திறக்கலாம். அடுத்த கூட்டத்தில் அதை வைக்க ஒரு உறுப்பினர் சம்மதிக்க வேண்டும். நல்லானைப் பார்க்கலாம் என்று சொல்லி என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காதர்பேட்டைக்குப் போனார்.

நல்லானின் கடையில் பனியன்கள் குவியலாகக் கிடந்தன. எக்ஸ்போர்ட்டுக்குத் தைத்து, செக்கிங்கில் தள்ளியவை. செகண்ட்ஸ் என்பார்கள். வடக்கேயிருந்து வந்த இரண்டு வியாபாரிகள் இந்தியில் பேசியபடி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லான் எங்களுக்கு இளநீர் வாங்கிவர ஆளனுப்பினார். இளநீர் வருவதற்குள் சித்ரகலாவின் கை சும்மா இருக்குமா? ஒரு நீலப் பனியனை எடுத்துக் கழுத்தை இழுத்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். தோள் தையல், அக்குள், அடிமடிப்பு எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"ஏனுங்க, இதுல என்ன குறைங்க? எனக்குத் தெரியலீங்களே."

நல்லான் சிரித்தார். "ஒரு குறையும் இருக்காதுங்க அம்மிணி. இதுல பாதி நல்ல பீஸுதான்."

"அப்புறம் எதுக்குங்க தள்ளுனாங்க?"

"செக்கிங்க வெளியதானுங்க குடுக்கறேன். பீஸுக்கு இத்தனைன்னு ரேட்டு. கெட்ட பீஸ் பாஸாகிப் போச்சுன்னா டெபிட். நல்ல பீஸைத் தள்ளிப்போட்டா அவங்களுக்கு என்னங்க நட்டம்? கூலி அதேதான். கொஞ்சம் சந்தேகம் வந்தாப் போதும், தூக்கி இந்தப் பக்கம் போட்டுருவாங்க. வேகமா முடிஞ்சுரும்." அவர் குவியலைப் பெருமையாகத் தட்டினார். "எனக்கும் நட்டமில்லீங்க. பீகார்க்காரன் வந்து அள்ளிட்டுப் போறான்."

சித்ரகலா அந்தப் பனியனைக் கீழே வைக்கவில்லை.  

"இதேதாங்கக்கா நான் எழுதிக் குடுத்தது" என்றார் மெதுவாக. "ஒரு எழுத்து மாறாம இதேதான்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.  தகுதியில்லாதவனுக்கு அனுமதி கொடுத்தால் டெபிட். தகுதியுள்ளவனைத் தள்ளினால் ஒன்றுமில்லை. அப்படித்தான் ஒப்பந்தம். இந்த ஊர் பழகிய கணக்கில் தள்ளியதற்கு ஒரு காதர்பேட்டை இருக்கிறது. எதுவும் வீணாவதில்லை. அந்த நினைப்பிலேயே வளர்ந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அதைச் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தோம்.

நல்லான் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னாச்சுங்க?"

"தள்ளுன பீஸை நீங்க வித்துருவீங்க" என்றார் சித்ரகலா. "நாங்க தள்ளுன ஆளை எங்க கொண்டு போய் விக்கறதுங்க?"

இளநீர் வந்தது.  நல்லான் அதை எங்களிடம் நீட்டிக்கொண்டே, அந்த ஃபைலைக் கூட்டத்தில் வைக்கச் சம்மதம் என்று மட்டும் சொன்னார். சித்ரகலா அந்த நீலப் பனியனை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை சுரேந்தரிடம் நேராகவே கேட்டார்.

சுரேந்தர் மழுப்பவில்லை. "மேடம், அங்க உக்காந்து பாக்கற பொண்ணுங்களுக்கும் ஃபைல் கணக்குலதான் சம்பளம். ஒரு தப்பான அனுமதி போச்சுன்னா, அவங்க மாசச் சம்பளமே போயிடும். போன் பண்ணி விசாரிக்கற நேரத்துல நாலு ஃபைல் முடிக்கலாம். அவங்க என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க? ராமாயி அம்மா கொண்டுவந்த ஃபைலுக்கு நான் ரெண்டு தடவை மெயில் போட்டேன். ரூல் என்னவோ அதான்னு சொல்லிட்டாங்க. ரூல் நீங்க எழுதுனது."

"தப்பாத் தள்ளுனாலும் டெபிட்னு மாத்துனா?"

"நிதானமா பாப்பாங்க. ரேட் ஏறும் மேடம். ரொம்பவே ஏறும்."

"எவ்வளவு?"

அவர் போனில் தட்டிப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். சித்ரகலா தன் குறிப்பில் மிச்சம் என்று எழுதியிருந்த தொகையைப் பார்த்தார். பெரும்பகுதி அதிலேயே கரைந்துபோயிற்று. 

"அப்போ நாம மிச்சம் புடிச்சதே அவங்களைத் தள்ளித்தானா?" என்று கேட்டார் சித்ரகலா. சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவரை வெறுக்க எனக்குக் கடைசி வரைக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

வாரியக் கூட்டத்தன்று சித்ரகலா தன் குறிப்பை எல்லோர் முன்னாலும் வைத்தார். நீலப் பனியனை மேஜையின் நடுவில் வைத்து, "இதுல என்ன குறைன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். தலைவராக இருந்த அதிகாரி புரியாமல் விழித்தார். மற்றவர்கள் எல்லாம் பனியன் முதலாளிகள். அவர்கள் முன்னால் ஒரு பனியனை வைத்தால் சும்மா இருப்பார்களா? ஒருவர் எடுத்துக் கழுத்தை இழுத்தார். அடுத்தவர் பிடுங்கி உள்ளே திருப்பினார். இன்னொருவர் ஜன்னலருகே கொண்டுபோய் வெயிலில் பிடித்துச் சாயத்தைப் பார்த்தார். ஒருவர் எச்சிலைத் தொட்டு நூலைத் தேய்த்துப் பார்த்ததைக் கண்டு எனக்குச் சிரிப்புகூட வந்தது. மேஜைமேல் இருந்த குறிப்பை ஒருவரும் படிக்கவில்லை. பனியனை மட்டும் எல்லோரும் படித்தார்கள்.

"நல்ல பீஸுங்க. ஒரு குறையும் இல்லீங்க" என்று பனியன் ஒரு சுற்று வந்து மேஜைக்குத் திரும்பியது.

"செக்கிங்ல தள்ளுன பீஸுங்க" என்றார் சித்ரகலா. நல்லான் தன் கடைச் சரக்கை அடையாளம் கண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே இடத்தில் காசிமாயனின் ஃபைலை வைத்தார். கம்பெனிக்கு ஸ்கேன் செய்து அனுப்பிய நகல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரில் வாங்கிவந்த அசல் படம், டாக்டரின் சான்று, பட்டறையில் விசாரித்து எழுதியது எல்லாம் அதில் இருந்தன. "இதையும் இதே மாதிரி பாருங்க. குறை இருந்தா தள்ளிரலாம்" என்றார்.

பனியனைப் பார்த்த கைகள் அந்த ஃபைலைத் தொடத் தயங்கின. அதிகாரிதான் எடுத்து முழுக்கப் படித்தார். படித்து முடித்து அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் வாதம் வந்தது. கம்பெனியை நிறுத்த வேண்டாம் என்று சித்ரகலா எழுதியிருந்தார். பதில் வேகமாக வர வேண்டும், ஜோதிகாவுக்கு நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. ஆனால் தப்பாகத் தள்ளினாலும் டெபிட் உண்டு. தள்ளுகிற ஒவ்வொரு ஃபைலும் நல்லூருக்குத் திரும்பி வந்து, போன் போட்டு விசாரிக்கிற ஒரு ஆளின் கையால் படிக்கப்பட்ட பிறகுதான் தொழிலாளிக்குப் பதில் போகும்.

"அப்புறம் என்னங்க மிச்சம்?" என்று கேட்டார் ஒரு உறுப்பினர்.

"பணம் பெருசா ஒண்ணும் மிச்சமாகாதுங்க. வேகம் மட்டும்தான் மிச்சம்."

ரொம்ப நேரம் பேசினார்கள். ஒருவர், இதற்கு நாமே ரெண்டு ஆள் போட்டுக்கலாமே என்றார். இன்னொருவர், ஆள் போட்டால் சம்பளம் மட்டுமா, பென்ஷன், லீவு எல்லாம் கணக்கில் வருமே என்றார். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இன்னும் ஒரு வருஷம் சித்ரகலா எழுதியபடி நடத்திப் பார்ப்பது என்று ஆயிற்று. நல்லான் எழுந்து போகும்போது என் பக்கம் நின்று, "தள்ளுன ஃபைல படிக்கிற ஆளு நீதானா, பழனாத்தா?" என்றார். ஆமாங்க என்றேன். "பாத்துப் படி" என்றார். என் நாற்காலி பிழைத்துக்கொண்டது. அதற்காகச் சந்தோஷப்பட்டேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது.

உடனே ராமாயிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால், குறித்த நாள் போய்விட்டது, ஆனாலும் இன்றைக்கே கொண்டுவந்து சேர்த்தால் டாக்டர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் என்றார்கள். அனுமதித் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

ராமாயி குடியிருந்த லைன் வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்த விதம் எனக்கு உறைத்தது. அது மனம் விட்டுப்போனவளின் முகம் இல்லை.

"வாங்க யக்கா, வாங்க தாயி. அவுக வேலைக்குப் போயிட்டாக."

"வேலைக்கா?"

"ஆமா. நீங்கதேன் சேதி அனுப்பிட்டீகளே, ஆபரேசனு தேவையில்லன்னு. பக்கத்து வீட்டுப் புள்ள வாசிச்சுச் சொல்லுச்சு. ஆசுபத்திரிக்காரன் காசுக்கு ஆசப்பட்டு நெஞ்சுல ஓட்டைன்னு சொல்லியிருக்கான், கவுருமெண்டுல நாலு பேரு பாத்து இல்லன்னுட்டாகன்னு அவுகளுக்கு ஒரே சந்தோசம். மூச்சு வாங்குறதெல்லாம் சாயத்து வாடைக்குத்தேங்குறாக. குலசாமிக்குக் கெடா வெட்டுறதா நேந்திருக்கோம்."

 கையிலிருந்த அனுமதித் தாளைப் பார்த்தேன். பணம் மிச்சம், நேரம் மிச்சம், தப்பு அனுமதி, தப்புத் தள்ளல் என்று எல்லாவற்றையும் எடைபோட்டிருந்தோம். நாங்கள் இல்லை என்று சொன்னால் அதை ஒருவர் இத்தனை நம்புவார் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. சித்ரகலா ஸ்கூட்டரைத் திருப்பினார். ராமாயி ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடிவந்தாள். அவளையும் நடுவில் ஏற்றிக்கொண்டோம்.

சாயப்பட்டறை வாசலில் காசிமாயனைக் கூப்பிடச் சொன்னோம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, கையெல்லாம் நீலச் சாயத்தோடு வந்தார். பட்டறைக் கதவிலிருந்து எங்கள் வரைக்கும் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். நான் அனுமதித் தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் வாங்கவில்லை.

"அன்னைக்கு வேணாம்னீக. இன்னைக்கு வேணுங்குறீக. நடுவுல மாறுனது என் நெஞ்சா, உங்க பேச்சா?"

நீட்டிய தாளை மடக்கிக்கொண்டேன். 

சித்ரகலா அவர் முன்னால் போய் நின்றார். "உங்க நெஞ்சை யாருமே பாக்கலீங்கண்ணா. பாக்காமலேயே இல்லைன்னு எழுதுனாங்க. அப்படி எழுதுனா யாருக்கும் நட்டமில்லைங்கற மாதிரி ஒப்பந்தம் போட்டது நான்தான். தப்பு என்னுதுங்க. டாக்டர் சொன்னதுதான் நெசம்."

காசிமாயன் மனைவியைப் பார்த்தார். ராமாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். 

"இந்தத் தடவ பாத்தீகளா?" என்று கேட்டார்.

"பாத்தேனுங்க. படத்தக் கையில வெச்சு டாக்டர்கிட்டயே கேட்டுப் பாத்தேன்."

 அவர் வாசல் கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். ஒன்றைக் கழற்றுவதற்குள்ளேயே மூச்சு வாங்கிற்று, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். சித்ரகலா குனிந்து மற்றதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். உள்ளேயிருந்த நீலத் தண்ணீர் அவர் கைமேலும் புடவைமேலும் கொட்டியது. அதை அவர் துடைக்கக்கூட இல்லை. நான் ஆட்டோ கூப்பிட ரோட்டுக்கு ஓடினேன்.